அட்டையில் மூட்டுவலி

மருத்துவமனையில் ஒரு தவறு நடந்தால் அதன் பிறகு இரண்டு காரியங்கள் நடக்கும். தவறு செய்தவர் விடுப்பில் போவார். தவறு செய்யாதவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும்.

இந்த முறை தவறு நடந்தது புற்றுநோய் வார்டில். ஏழாம் கட்டில் பெரியவர், யாரோ கொடுத்த ஒரு வேர்ப்பொடியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்து மூன்று வாரமாக வெந்நீரில் கலந்து குடித்திருக்கிறார். ரத்தத்தை உறையவிடாத ரகம் அது. ஒருநாள் காலையில் பல் துலக்கப் போனவர் வாய் நிறைய ரத்தத்தோடு திரும்பி வந்தார். எப்படியோ பிழைத்துக்கொண்டார். "வேற மருந்து சாப்பிடறீங்களான்னு கேட்டோமே, ஏன் சொல்லலை?" என்று டாக்டர் கத்தியபோது பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "கேட்டீங்க. அடிக்கப் போற மாதிரி கேட்டீங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நிர்வாகம் அரைநாள் ஒதுக்கி, கூட்ட அறையில் பதினைந்து பேரை உட்கார வைத்தது. பதினான்கு சிஸ்டர்கள், ஒரு பிரதர்.

பிரதருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வார்டில் அதை யாரும் உபயோகித்ததில்லை. அங்கே அவனுக்கு இரண்டு வேலைகள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது ஒன்று. தேநீர் நேரத்தில் சிஸ்டர்களைச் சிரிக்க வைப்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் அவனுக்குப் பேர் அதிகம். நோயாளிகள் ரகசியமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும் வைத்தியர்களையெல்லாம், அவர்களை நம்பிப் போகிறவர்களையும் சேர்த்து, அவன் நடித்துக் காட்டுவான். தண்ணீரை முறைத்துப் பார்த்தே மருந்தாக்குகிறவர், தொலைபேசியில் கைவைத்துக் குணமாக்குகிறவர், காந்தப் பட்டைக்காரர். எல்லாரிலும் உச்சம் கறுப்புக் களிம்புக்காரர். கட்டியின் மேல் பூசினால் கட்டி வேரோடு வெளியே வந்துவிடும் என்று சொல்லும் ஆசாமி. பிரதர் துண்டைத் தலையில் கட்டி, கண்ணை உருட்டி, "வேரோட வரும்மா! வேரோட!" என்று குரலை நடுங்க விடுவான். டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரிப்பார்கள். யாரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் ஊசியக்கா.

ஊசியக்காவும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எப்பேர்ப்பட்ட கையிலும் நரம்பைக் கண்டுபிடித்து வலிக்காமல் ஊசி போடுவதால் அந்தப் பெயர். வயதில் அவள் அவனைவிட நாற்பதே நாள் மூத்தவள். அந்த நாற்பது நாளுக்கான மரியாதையைப் பதிமூன்று வருடமாக விடாமல் வாங்கிக்கொண்டிருந்தாள். 'அக்கா' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட இருந்த ஒரே சொந்தம் அவளுடைய அக்கா. அந்த அக்கா நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே வார்டில் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனாள்.

பயிற்சியாளர் சட்டையில் மைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். மைக் இல்லாமலே பக்கத்துக் கட்டடம்வரை கேட்கும் குரல் அவருக்கு. திரையில் ஐந்து படிகள் தோன்றின: அமர்க. நோக்குக. வினவுக. கண்டியாதிருக்க. குறித்துக்கொள்க.

"யாரு மொழிபெயர்த்தது, கல்வெட்டு செதுக்கறவரா?" என்று பிரதர் முணுமுணுக்க, பக்கத்து நாற்காலியில் ஊசியக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளிடமிருந்து சென்ட் வாடை தூக்கியடித்தது. மூன்று மாதமாகவே அப்படித்தான். "யாருக்கா அந்த அதிர்ஷ்டசாலி?" என்று அவன் கேட்டு வார்டே சிரித்தாகிவிட்டது.

அடுத்தது நடிப்புப் பயிற்சி. ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ். நோயாளிக்கு என்ன வியாதி, ரகசியமாக என்ன வைத்தியம் பார்க்கிறார் என்பதெல்லாம் ஓர் அட்டையில் எழுதியிருக்கும். அட்டையை யாருக்கும் காட்டக் கூடாது. நர்ஸாக நடிப்பவர் பேசிப் பேசி அதை வெளியே கொண்டுவர வேண்டும். குலுக்கலில் ஊசியக்கா நோயாளியானாள், பிரதர் நர்ஸானான். கைதட்டல் தூள் பறந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

"வணக்கம்மா. உக்காருங்க."

"உக்காந்துதானே இருக்கேன். கண்ணு தெரியாதா?"

சிரிப்பு. பயிற்சியாளரும் சிரித்தார்.

"சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?"

அவள் மடியில் கவிழ்த்து வைத்திருந்த அட்டையைப் பார்க்கவே இல்லை. "கட்டி" என்றாள். இடது பக்க மார்பை, தொடாமல், விரலால் காட்டினாள்.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எதுக்கு? அறுப்பாங்க. அப்புறம் மருந்து ஏத்துவாங்க. எங்க அக்காவுக்கும் ஏத்தினாங்க. முடி போச்சு, நகம் போச்சு, வாயெல்லாம் புண்ணாப் போச்சு. கடைசில அக்காவே போயிட்டா."

சொந்தக் கதையை எடுத்து விடுகிறாள், கெட்டிக்காரி என்று பிரதர் நினைத்துக்கொண்டான். அவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். தன் பங்குக்கு அவனும் கொஞ்சம் சோபிக்க வேண்டாமா? "அப்ப என்னம்மா போடறீங்க? கறுப்புக் களிம்பா?" என்று கண்ணை உருட்டினான். "வேரோட வருதா?"

அறை குலுங்கியது. ஊசியக்காவும் சிரித்தாள். எல்லாரும் சிரித்து முடிக்கிற சமயத்தில்தான் அவள் சிரிக்கவே ஆரம்பித்தாள்.

"நாலாவது படி, நாலாவது படி!" என்றார் பயிற்சியாளர். கண்டியாதிருக்க. பிரதர் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டான்.

"சரிம்மா. களிம்பு போட்டா எப்படி இருக்கு?"

"எரியும். ராத்திரி பூரா எரியும். முதல்ல சிவக்கும், அப்புறம் கருத்துப் போய்ப் பொருக்குத் தட்டும். ஒருநாள் அந்தப் பொருக்கு விழும். போயிடுச்சுன்னு சந்தோஷமாப் பாத்தா, அடியில இன்னும் பெருசா இருக்கும்."

"அப்புறமும் ஏம்மா போடறீங்க?"

"களிம்பு குடுக்கறவர் என்கிட்ட, 'தூங்கினியா'ன்னு கேட்டார்" என்றாள்.

பயிற்சியாளர்தான் முதலில் கைதட்டினார். "பாத்திரமாவே மாறிட்டாங்க பாருங்க! இதுதான் நோயாளியோட உள்மனசு!" எல்லாரும் தட்டினார்கள். பிரதரும் தட்டினான். சிறந்த நடிப்புக்கென்று அவளுக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

"பிரதர், நீங்க ஆம்பளை, இந்த நாற்காலியையெல்லாம் கொஞ்சம் அடுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். அவன் அடுக்கினான். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அட்டை கிடந்தது. பயிற்சியாளரிடம் கொடுக்கலாம் என்று எடுத்தான்.

'நோயாளி: வயது 62. ஓய்வுபெற்ற ஆசிரியை. மூட்டுவலி. முழங்காலில் காந்தப் பட்டை அணிகிறார். நர்ஸிடம் மறைக்கிறார்.'

முன்பக்கம் பார்த்தான். பின்பக்கம் பார்த்தான். மறுபடி முன்பக்கம் பார்த்தான். கட்டி என்று எங்கேயும் இல்லை.

மூன்று மாத சென்ட் வாடை அப்போதுதான் அவன் மூக்கில் ஏறியது. ஆறாத புண்ணின் வாடையை அரை வார்டு தூரத்திலேயே கண்டுபிடிக்கிறவன் என்று அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. அந்த வாடை பக்கத்து நாற்காலியில், சென்ட்டுக்கு அடியில், மூன்று மாதமாக உட்கார்ந்திருந்தது. அவன் மாப்பிள்ளை யாரென்று கேட்டுக்கொண்டிருந்தான்.

துணி அறையில் அவளைக் கண்டுபிடித்தான். சலவைக்குப் போய்விட்டு வந்த போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அட்டையில மூட்டுவலின்னு போட்டிருக்கு."

"பதினாறு, பதினேழு... எண்ண விடுடா."

"அக்கா."

"கொஞ்சம் சேத்துப் பேசினாத்தான் நடிப்பு. உலகத்துல நீ மட்டும்தான் நடிக்கணுமா?"

"காட்டு."

"ஒரு பொம்பளைகிட்டப் பேசற பேச்சா இது?"

"நான் நர்ஸுக்கா."

"நான் மட்டும் யாரு, பஸ் கண்டக்டரா?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு அவன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்று சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நிற்பதை அவள் பதிமூன்று வருடத்தில் பார்த்ததில்லை. கையிலிருந்த போர்வையை மறுபடியும் மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த போர்வை அது.

"கதவைச் சாத்து" என்றாள்.

கட்டு வெகு அழகாகப் போடப்பட்டிருந்தது. நான்கு ஓரமும் ஒரே அளவில் டேப். டேப்பின் மேல் அவளுடைய மணிமணியான கையெழுத்தில் அன்றைய தேதி. ஒற்றைக் கையால், கண்ணாடியில் பார்த்து, தானே போட்டுக்கொண்ட கட்டு. அவன் அதைப் பிரித்தான். பார்த்தான். திரும்ப மூடினான். வார்டில் இதைவிட மோசமான புண்களைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிடம் சாப்பிடப் போயிருக்கிறான். இப்போது டேப்பின் ஓரத்தை அழுத்திக்கொண்டே நின்றான். அது எப்போதோ ஒட்டிவிட்டது.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

"உன்கிட்டயா?" அவள் ரவிக்கையைச் சரிசெய்துகொண்டாள். "சொல்லிட்டு, மறுநாள் டீ குடிக்கறப்ப நீ நடிச்சுக் காட்டறதை நானும் உக்காந்து பாக்கணுமா?"

"உன்னைப் போய் நடிப்பேனா?"

"மாட்டே. எனக்குத் தெரியும். ஆனா யாரையோ நடிச்சியே. அது யாரோ ஒருத்தியோட அக்காதானே? நீ 'வேரோட'ன்னு ஆரம்பிச்சா எல்லாரையும்விட நான்தான் பலமாச் சிரிப்பேன், கவனிச்சிருக்கியா?"

கவனித்திருந்தான். அதை நடிப்புக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

"அக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் நான்தான் ஊசி போட்டேன்" என்றாள் அவள். "கடைசிக் கடைசியில கையில ஒரு நரம்பும் மிச்சமில்ல. கால்ல தேடினேன். அஞ்சு தடவை குத்தினேன்டா. நான்! 'வலிக்கலடி, நீ போடு'ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொய் சொன்னா. அந்தக் கட்டில்ல போய் நானே படுக்கணும்னா என்னால முடியாது."

"இப்பல்லாம் வேற மருந்து வந்திருக்கு..."

"எனக்கா சொல்றே? அந்தப் பேச்சை ஊருக்கே பேசறவ நான்."

அவள் நிமிர்ந்தபோது ஒரு கை தானாக இடுப்புக்குப் பின்னால் போயிற்று.

"முதுகு வலியா?"

"ரெண்டு வாரமா. அந்தக் குண்டு மனுஷனைத் தூக்கினோமே, அதுல பிடிச்சுக்கிச்சு."

அவன் கெஞ்சினான். மிரட்டினான். மேட்ரனிடம் சொல்லிவிடுவேன் என்றான். சொல்லேன், நாளையிலிருந்து நான் வேலைக்கே வரமாட்டேன், அப்புறம் எங்கே தேடுவாய் என்றாள். கடைசியில் போர்வைகளை அலமாரியில் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "நாளன்னிக்கு அவர்கிட்ட போற நாள். அவர் வாயால ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னா வரேன். நீ சொல்லி இல்ல."

களிம்புக்காரரின் இடம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. குறுகலான படிக்கட்டு, மேலே ஒரு நடை, நடையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளறைக்கு ஒரு திரை. பிரதர் இரண்டு நாளாக ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தான். போலீஸ், கோர்ட் என்ற சொற்களெல்லாம் அதில் தாராளமாக வந்தன. அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு அவன் மட்டும் திரையை விலக்கி உள்ளே போனான்.

உள்ளே தலைப்பாகை இல்லை. உருட்டும் கண் இல்லை. ஒல்லியாக ஒரு மனிதர், முழுக்கைச் சட்டை, உடைந்த கண்ணாடிக் காம்பை நூலால் சுற்றியிருந்தார். கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பி, "வாங்க, படி ஏறி வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். தேநீர் அறையில் பிரதர் நடித்த ஆளுக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிரசங்கத்தை அவன் அப்படியே விட்டுவிட்டான். "நான் அவங்க தம்பி" என்றான். "நீங்க சொன்னா கேப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். "போயிட்டு வந்தவங்கதானே?"

"எங்க?"

"முதல் நாளே கேட்டேனே தம்பி. கட்டின்னா முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்வேன். 'அங்கேருந்துதான் வரேன். எல்லாம் பாத்துட்டாங்க, இனி பண்றதுக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க'ன்னு சொன்னாங்க. அழுதாங்க. நீங்களும் கைவிட்டுட்டா எங்க போவேன்னு கேட்டாங்க."

பிரதர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எழுதிக் குடுத்தது ஏதாச்சும் காட்டுங்கன்னு கேட்டீங்களா?"

"நான் யாருங்க அதையெல்லாம் கேக்கறதுக்கு?"

"களிம்பு போடப் போடப் பெருசாச்சே, அப்பக்கூடவா தோணலை?"

அவர் ஈரக்கையைச் சட்டையிலேயே துடைத்தார். "வேர் மேல வருதுன்னு நினைச்சேன். எங்கப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தார்" என்றார். பிறகு மெதுவாக, "இல்லீங்களா?" என்று கேட்டார்.

இந்த மனிதர் கொஞ்சம் ஏமாற்றுக்காரராக இருந்திருக்கக் கூடாதா என்று பிரதருக்கு ஆற்றாமையாக இருந்தது. சட்டையைப் பிடித்து உலுக்கியாவது இருக்கலாம். நோயாளியின் வாயிலிருந்து வந்ததை நம்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தப்பை வார்டில் எல்லாரும்தான் தினம் செய்கிறார்கள்.

"இல்லீங்க" என்றான்.

"அப்ப இனிமே இங்க வராதீங்கன்னு சொல்லிடட்டுமா?"

பிரதர் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான். இங்கிருந்து துரத்தினால் இன்னொரு மாடி, இன்னொரு திரை. "வேணாங்க" என்றான். "வரட்டும். எப்பவும் போலத் தூங்கினியான்னு கேளுங்க. களிம்பு மட்டும் வேணாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான்."

அவளை உள்ளே அனுப்பிவிட்டு அவன் படிக்கட்டுத் தலைப்பில் நின்றான். திரைக்குப் பின்னால் அவருடைய குரல் கேட்டது, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. அவள் குரல் கேட்கவே இல்லை. வெளியே வந்தபோது மூஞ்சியில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னடா சொன்னே அவர்கிட்ட?"

"நீ என்ன சொன்னே அவர்கிட்ட?"

அவள் செருப்பைத் தேடினாள். செருப்பு காலுக்கு நேராகத்தான் கிடந்தது.

"ஆஸ்பத்திரியில கைவிட்டுட்டாங்கன்னு சொன்னியா?"

"நிஜத்தைச் சொல்லியிருந்தா போன்னு அனுப்பியிருப்பார்" என்றாள். அதைச் சொன்னதும் கோபம் அவளிடமிருந்து இறங்கிவிட்டது. படிக்கட்டின் மேல்படியில் மெல்ல உட்கார்ந்தாள். அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான். கீழே ஜெராக்ஸ் மிஷின் யாருடைய சான்றிதழையோ சளைக்காமல் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது.

என்ன கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். புதிதாக வரும் ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்பதுதான். எந்தக் குரலில் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. அவனிடம் இருந்த குரல்களெல்லாம் யாரோ ஒருவருடையவை. கடைசியில் குரல் என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேட்டான்.

"முதுகு வலி எத்தனை நாளாக்கா?"

"அதான் சொன்னேனே, ரெண்டு வா..." நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள். "நாலு மாசம்."

"எப்ப அதிகமா இருக்கு?"

"படுத்தா. உக்காந்துக்கிட்டேதான் தூங்கறேன்."

"கால்?"

"இடது கால் மரத்துப் போகுது. போன வாரம் நம்ம ஆஸ்பத்திரிப் படியிலயே ரெண்டு தடவை மடங்கிடுச்சு. யாரும் பாக்கலை."

"இருமல்?"

"இருக்கு."

"எத்தனை நாளா?"

"நீ சென்ட்டைக் கேலி பண்ண ஆரம்பிச்சியே, அப்பலேருந்து."

"எடை?"

"எட்டு கிலோ. புடவை கட்டினா தெரியாது."

இத்தனை மாதமாக யாருக்கும் சொல்லாததை அவள் வரிசையாகச் சொன்னாள். நோயாளி இப்படி ஒளிக்காமல் சொல்லிவிட்டால் நர்ஸ் ஜெயித்துவிட்டதாக அர்த்தம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பதிலும், நோய் உடம்பில் எந்த இடத்துக்குப் பரவியிருப்பதைச் சொல்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பதிமூன்று வருடமாக இதே கேள்விகளை இருவரும் மாறி மாறி ஊராரிடம் கேட்டிருக்கிறார்கள். பதில்களை எழுதிக்கொண்டு, கதவைத் தாண்டிய பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே தாண்டிப் போகக் கதவு இல்லை.

"கூட்டிப் பாத்துட்டியா?" என்று கேட்டாள்.

"பாத்துட்டேன்."

"எனக்கும் அதே விடைதான் வருது. ரெண்டு மாசம் முன்னாடியே வந்துடுச்சு."

அவன் முகத்தைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி.

"டேய், அழாதே. மேல வர்றவங்க நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கப் போறாங்க."

"நாளைக்குக் காலையில போறோம்" என்றான்.

"போவோம். அவரே சொல்லிட்டாரே. ஆனா நம்ம வார்டு வேணாம்."

"வேணாம்."

"அறுக்கறதுக்கெல்லாம் காலம் தாண்டியிருக்கும். வலிக்கு மட்டும் ஏதாச்சும் குடுக்கச் சொல்லு. ஒரு ராத்திரியாவது படுத்துத் தூங்கணும்டா."

"சொல்றேன்க்கா."

"நான் எதைச் சொன்னாலும் அங்க இருக்கற நர்ஸ் அப்படியே நம்பிடுவா. ரெண்டு வாரம்னு என் வாய் தன்னாலே சொல்லிடும். நீ பக்கத்துலயே நில்லு."

"நிக்கறேன்."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவன் கை கொடுத்தான். பிடித்து எழுந்து, இன்னொரு கையை அவன் தோளில் வைத்தாள். அவன் முன்னால் இறங்கினான், அவள் பின்னால். இடது காலை வைக்கும்போதெல்லாம் அவளுடைய கனம் முழுக்க அவன் தோளில் வந்து இறங்கியது. எட்டு கிலோ போனது போக மிச்சமிருந்த கனம். ஒரு படி இறங்கி நின்றார்கள். இன்னொரு படி இறங்கி நின்றார்கள். கீழேயிருந்து கையில் காகிதக் கட்டோடு ஏறி வந்த ஒருவர், இவர்களைப் பார்த்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்.